ஈரக்கோடு

படகை இறக்குவதற்கு முன் படகோட்டி கரையோரம் குனிந்து, உள்ளங்கை அளவு வெளுத்த கல் ஒன்றை எடுத்தார். பாதி நனையும்படி நீர் விளிம்பில் அதை வைத்தார். "சாயங்காலம் வந்து பார்ப்போம்" என்றார்.

ஜூலை மாதம். நியூயார்க் மாநிலத்தில் டெலவேர் ஆற்றின் மேற்குக் கிளை. வெயில் 30 டிகிரியைத் தாண்டியிருந்தது. ஆற்றில் கால் வைத்தால் கணுக்கால் எலும்பு கடுத்தது. அவருடைய வெப்பமானி 9 டிகிரி காட்டியது. சற்று மேலே கேனன்ஸ்வில் அணை இருக்கிறது. நியூயார்க் நகரத்தின் குடிநீருக்காக ஐந்து சிற்றூர்களை மூழ்கடித்துக் கட்டிய அணை, 1964-ல் பயன்பாட்டுக்கு வந்தது. வெயில் எட்டாத அடியாழத்துத் தண்ணீரை மதகு வழியாக வெளியே விடுகிறார்கள். ட்ரவுட் மீனுக்கு 20 டிகிரிக்கு மேல் போனால் தவிப்பு. கோடையிலும் அது இங்கே கொழுத்துத் திரிவது இந்தக் குளிரால்தான். அணை இல்லாவிட்டால் தன் பிழைப்பே இருக்காது என்பதை அவர் மறைக்கவில்லை.

முப்பது ஆண்டுகளாகத் தூண்டில்காரர்களைப் படகில் ஏற்றிச் செல்பவர். அவர் துடுப்பு போடும் விதத்தைப் புரிந்துகொள்ள எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. முன்னே போக அவர் துடுப்பு போடுவதில்லை, அதை ஆறே பார்த்துக்கொள்கிறது. ஓட்டம் போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்து, பின்னோக்கி வலித்து, படகை ஆற்றைவிட மெதுவாக இறங்கச் செய்கிறார். மீன் நிற்கும் மடுவுக்கு நேரே வந்ததும் கூடுதலாக ஒரு வலிப்பு. படகு தொட்டில்போல் நிற்கிறது. தூண்டில்காரர் செயற்கை ஈயை வீச அந்தச் சில விநாடிகள் போதும். மான் முடியும் கோழி இறகும் நூலும் சேர்த்து அந்த ஈக்களையும் அவரே கட்டுகிறார். மதியத்துக்கு மேல் வெளிர்மஞ்சள் மேஃப்ளைகள் நீரிலிருந்து ஈசல்போலக் கிளம்பியபோது, அவர் பெட்டியிலிருந்த ஈக்கும் பறந்ததற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அவருடைய நாள் தொடங்குவது ஒரு எண்ணில். அணைக்குக் கீழே ஸ்டைல்ஸ்வில் என்ற இடத்தில் நீரளவு நிலையம் இருக்கிறது. விநாடிக்கு எத்தனை கன அடி ஓடுகிறது என்பதைக் கைபேசியில் பார்த்துவிட்டுத்தான் காபி. அந்த எண்ணைத் தீர்மானிப்பவர்கள் தொலைவில் இருக்கிறார்கள். 1954-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் திருத்தி அளித்த தீர்ப்பின்படி, நியூயார்க் நகரம் தன் மூன்று அணைகளிலிருந்து நாளொன்றுக்கு 80 கோடி காலன் வரை எடுத்துக்கொள்ளலாம். பதிலுக்கு, ஆற்றின் கீழே நியூ ஜெர்சியின் மாண்டேகில் விநாடிக்கு 1,750 கன அடி ஓடும்படி தண்ணீர் விட வேண்டும். கணக்குப் பார்ப்பதற்கென்றே 'ரிவர் மாஸ்டர்' என்ற பதவி உண்டு. அதே தீர்ப்பு நியூ ஜெர்சிக்கு நாளொன்றுக்கு 10 கோடி காலன் கொடுத்தது. அந்த மாநிலத்தின் நடுப்பகுதியில் குடியிருக்கும் எனக்கு இது யாருடைய வழக்கோ அல்ல.

கேனன்ஸ்வில்லில் திறந்த தண்ணீர் மாண்டேகைச் சேர ஏறக்குறைய 48 மணி நேரம் ஆகும். ஆகவே நாளை மறுநாள் கீழே எவ்வளவு ஓடும் என்று இன்றே கணித்து மதகைத் திருப்புகிறார்கள். மழை வரும் என்றால் குறைக்கிறார்கள், வராது என்றால் கூட்டுகிறார்கள். மாண்டேகின் கணக்கு இரண்டு நாளில் சரியாகிவிடும். அணையின் காலடியிலுள்ள ஆறுதான் அதற்குள் ஏறி இறங்கித் தத்தளிக்கிறது.

"அளவு குறைந்தால்கூட மீன் சமாளிக்கும். சட்டென்று குறைத்தால்தான் பொறுக்காது" என்றார். அக்டோபர், நவம்பரில் பிரவுன் ட்ரவுட் பெண்மீன் வாலால் சரளையைக் கிளறி முட்டையைப் புதைக்கும். முட்டை வசந்தம்வரை அங்கேயே கிடக்க வேண்டும். நீர் உயர்ந்திருந்தபோது கரையோரம் இட்ட முட்டை, மதகை இறக்கியபின் நீரின்றிக் காய்ந்தோ உறைந்தோ சாகக்கூடும். ஒரு குளிர்காலத்தில் அப்படிக் காய்ந்த சரளைமேட்டைக் கண்டதைச் சொல்லும்போது துடுப்பை நிறுத்திவிட்டார்.

நிலைமை முன்பைவிட மேல் என்பதையும் அவரே சொன்னார். ஆற்றைப் பகிரும் நான்கு மாநிலங்களும் நகரமும் 2007-ல் தொடங்கி, 2017-ல் பத்தாண்டுகளுக்குப் புதுப்பித்த ஏற்பாட்டின்படி, அணை நிறைந்திருக்கும்போது ஆற்றுக்கும் பங்கு கூடுகிறது. ஹான்காக்கில் இரு கிளைகளும் கூடிய பிறகு வரும் லார்ட்வில்லில் நீர் ஏறக்குறைய 24 டிகிரியைத் தாண்டாதிருக்க, குளிர்நீர் தனியே ஒதுக்கியும் வைக்கிறார்கள். இதைப் பெற மீன்பிடிப்போர் பல ஆண்டுகள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசினார்கள். ஆனால் மதகை இறக்கும்போது படிப்படியாக இறக்குவது, தண்ணீர் அதிகம் செலவாகாத தயவு. அதற்குக்கூட மன்றாட வேண்டியிருப்பது எனக்கு வேதனையாக இருந்தது.

மாலையில் என் காரை எடுக்கப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பினோம். வெதுவெதுப்பான காற்று குளிர்ந்த ஆற்றைத் தொட்டு மூடுபனி எழுந்திருந்தது. அவர் வைத்த கல் முழுதாக வெளியே நின்றது. அதற்கும் நீருக்கும் இடையே ஒரு சாண் ஈரச் சரளை.

"கீழே மழை என்று சொல்லியிருக்கிறார்கள் போல" என்றார். பிறகு முழங்காலிட்டு ஈரக் கற்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அடியில் மேஃப்ளைக் குஞ்சுகள் நெளிந்துகொண்டிருந்தன. கல்லோடு சேர்த்து அவற்றை நீருக்குள் தள்ளினார். நானும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெளிச்சம் போகும்வரை இருவரும் கல் புரட்டினோம்.