வீட்டுப் படமும் வீட்டார் வாக்கும்

சென்னையிலிருந்து வடக்கே கும்மிடிப்பூண்டிக்கு மின்சார ரயிலில் செல்வோர், பொன்னேரியைத் தாண்டியதும் வயல்களுக்கு நடுவே மனைக்கற்கள் வரிசையாக நிற்பதைக் காணலாம். சிப்காட் தொழிற்பேட்டையில் வேலைக்கு வந்து, வாடகை வீடுகளில் காலம் தள்ளிய குடும்பங்கள் சொந்தக் கூரைக்கு ஆசைப்பட்டு வாங்கிய மனைகள் அவற்றில் அநேகம். திருவள்ளூர் ஜில்லாவின் அந்த மூலையில் அரை கிரவுண்டுக்கு, அதாவது 30 அடிக்கு 40 அடி நிலத்துக்கு, நாமும் சொந்தக்காரரானோம். எஞ்சினீயர் பிளான் வரைந்து கொடுத்தார்.

பிளான் கைக்கு வந்ததும், ஊரில் உள்ள அனைவருக்கும் அபிப்பிராயம் சொல்லும் யோக்கியதை வந்துவிடுகிறது. வாஸ்து பார்த்தவர் அடுப்பைத் தென்கிழக்கு மூலைக்கு நகர்த்தினார். மாமா ஒருவர் கூடத்தை இரண்டடி நீட்டினார். நாலு பேர் வந்தால் உட்கார இடம் வேண்டாமா என்பது அவர் கட்சி. மாடியை வாடகைக்கு விடலாமென்று நண்பர் ஒருவர் மாடிப்படியை வெளியே தள்ளினார். எல்லோரும் நல்லெண்ணம் படைத்தவர்களே. ஆனால் அவர்களில் ஒருவராவது அந்த வீட்டில் ஓர் இரவுகூடத் தூங்கப் போவதில்லை!

அங்கேயே வாழப் போகிறவர்களைக் கேட்டோம். "நன்றாகத்தான் இருக்கிறது" என்று மூவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். இதில் வியப்பில்லை. ஓர் அங்குலம் எட்டு அடியைக் குறிக்கும் காகிதத்தில் கோடுகள் தெரியுமே தவிர, சுவர்கள் தெரிவதில்லை. படம் படிப்பதும் ஒரு படிப்பு. அதைப் பயிலாதவர்களிடம் காகிதத்தை நீட்டினால், மரியாதைக்குத் தலையசைப்பார்கள்.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மேஸ்திரியைக் கொண்டு மனையின்மீதே சுண்ணாம்புத் தூளால் அறைகளை முழு அளவில் கோடு போடச் செய்தோம். அடுப்புக்கு ஒரு செங்கல், கட்டிலுக்கு ஒரு பாய். "எப்படி இருக்கிறது?" என்ற கேள்வியை விட்டுவிட்டு, காலையில் எழுந்தது முதல் படுக்கும்வரை செய்வதையெல்லாம் இங்கே நடந்து காட்டும்படி ஒவ்வொருவரையும் வேண்டிக்கொண்டோம். அப்போதுதான் வாய் திறந்தது.

இல்லாள் சமையலறைக் கோட்டில் நின்று, துணி துவைக்கும் இடத்துக்குக் கூடத்தைச் சுற்றிக்கொண்டு நடந்து காட்டினாள். "ஈரத் துணியுடன் தினம் இத்தனை தூரமா?" என்றாள். சமையலறைப் பின்சுவரில் ஒரு கதவு முளைத்தது.

தம்பி ஆலையில் இரவு ஷிப்டு பார்ப்பவன். ஊர் விழிக்கும் வேளையில் படுத்து, நண்பகலில் எழுபவன். அவன் அறையின் ஒரு சுவருக்கு அப்பால் சமையலறை. ஜன்னலோ தெருப் பக்கம். பாயில் படுத்துப் பார்த்துவிட்டு, "மிக்ஸி என் தலைமாட்டிலேயே ஓடும், அண்ணா" என்றான். மூன்று ஷிப்டு ஓடும் ஊரில், பகலில் தூங்க ஓர் அறை பூஜை அறையைப் போலவே அவசியம். அவ்வறை பின்மூலைக்குச் சென்றது. இடையில் சாமான் அறை காவல் நின்றது.

கடினமான வழக்கு தாயாருடையது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும் திருவள்ளூர் ஜில்லாவிலும் எத்தனையோ வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அதை எண்ணி எஞ்சினீயர் தரையைச் சாலையிலிருந்து மூன்றடி உயர்த்தியிருந்தார். ஆறங்குலப் படிகள் ஆறு. "வெள்ளம் என்றைக்கோ வரும், அப்பா, என் முழங்கால் வலி தினமும் வருகிறதே" என்றார் தாயார். இரு பக்கமும் நியாயம் இருந்தது. படிக்குப் பதிலாகச் சரிவுப் பாதை அமைக்கலாமென்றால், 12 அடிக்கு ஓர் அடி உயரும் முறைப்படி 36 அடி நீளம் வேண்டும். மனையின் அகலமோ 30 அடி!

முடிவில் தாயாரே வழி காட்டினார். நாலங்குல உயரத்தில் அகலமான படிகள் ஒன்பது; நாலு படி ஏறியதும் ஒரு மேடை, அதன் அருகில் இளைப்பாறச் சிறு திண்ணை; பிறகு ஐந்து படி; நெடுகிலும் கைப்பிடி. மாமா நீட்டிய இரண்டடி இதற்குச் செலவாயிற்று. அவருடைய நாலு பேரும் திண்ணையிலேயே சௌகரியமாக உட்காரலாம்.

1936-ல் மகாத்மா காந்தி வார்தாவுக்கு அருகிலுள்ள சேகாவ்ன் கிராமத்தில் குடியேறியபோது, குடிசைக்கு 500 ரூபாய்க்குமேல் ஆகக்கூடாது, உள்ளூர்ப் பொருளைக்கொண்டே கட்டவேண்டும் என்று முன்கூட்டியே நிபந்தனை விதித்தார். குடியிருப்பவரின் நிபந்தனை முதலில், கட்டடம் பிறகு. அந்தச் சேகாவ்ன்தான் சேவாகிராமம் ஆயிற்று.

இன்று இதற்கு அவசியம் அதிகம். 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுவோர் சுயசான்றின்பேரில் உடனே அனுமதி பெறும் முறையைத் தமிழ்நாடு அரசாங்கம் 2024-ல் கொண்டுவந்தது. அலைச்சல் மிச்சம், பொறுப்போ நம் தலையில். அன்றியும், எந்தச் சட்டமும் தாயாரின் முழங்காலை அளந்து பார்ப்பதில்லை. சுண்ணாம்புக் கோட்டைக் காலால் அழித்துவிடலாம். சுவரை அழிக்கச் சம்மட்டியும் மறுபடி கடனும் வேண்டும்.

1950-ல் நம் அரசியல் சட்டம் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை அளித்தது. எழுத்தறியாதவர்களும் வாக்களிக்கும்பொருட்டு, 1951-52 பொதுத் தேர்தலில் வாக்குப் பெட்டிகளில் சின்னங்களைப் பொறித்தார்கள். தேச காரியத்தில் கிடைத்த உரிமை வீட்டுக் காரியத்தில் மறுக்கப்படலாமா? படம் படிக்க அறியாதவர்களுக்குச் சுண்ணாம்புக் கோடே சின்னம். புது வீடு கட்டும் நேயர்கள் கடைக்கால் தோண்டுவதற்கு முன்னால், ஒரு மூட்டை சுண்ணாம்பும் ஒரு மாலைப் பொழுதும் இதற்கென ஒதுக்குவார்களாக!