கொடைக்குப் போனோம்... கசப்பு குடிச்சோம்!

"மச்சான், செமஸ்டர் முடிஞ்சிருச்சு... கொடைக்கானல் போறோம்!" என்று ஹாஸ்டல் ரூம்மேட் கூப்பிட்டபோது ஏரி, போட்டிங், சாக்லேட் என்றுதான் கனவு கண்டேன். 2024 மே முதல் சொந்த வண்டிக்கு இ-பாஸ் வேணும். பஸ்ஸுக்கு வேண்டாம். நம்ம பாக்கெட் மணிக்கும் பஸ்தானே சரி! வத்தலக்குண்டில் ஏறினால், பயபுள்ள பாதி மலையிலேயே, ஊத்து பிரிவில் இறக்கிவிட்டான். அங்கிருந்து பண்ணைக்காடு வழியாகத் தாண்டிக்குடி. அவன் தாத்தா ஊர்!

முருகன் இங்கேயிருந்துதான் பழனி மலைக்குத் தாண்டிக் குதித்தாராம். 'தாண்டிக்குதி'தான் தாண்டிக்குடி ஆச்சாம்.

வழியெல்லாம் காபி, மிளகு, மலைவாழை. என் கண் தேடியதோ கொடை ஆரஞ்சை! காரணம் இருக்கு. இத்தாலிக்காரர்கள் சாப்பாட்டுக்கு முன்னால் பசியைக் கிளப்ப, இனிப்பும் கசப்புமா ஒரு ஆரஞ்சு பானம் குடிப்பாங்க. பேரு 'அபெரிடிவோ'. 1919-ல் பாதுவா நகரத்தில் வந்த 'அப்பெரோல்' இதில் ரொம்ப ஃபேமஸ். அதில் சரக்கு உண்டு. எனக்கு வயசு 20, தமிழ்நாட்டுச் சட்டப்படி 21 ஆகணும். ஸோ, சரக்கில்லாத கொடை வெர்ஷன்!

அப்பத்தா அடுப்படியைக் கொடுத்தார். முதல் ரவுண்டில் தோலை அரை மணி நேரம் கொதிக்கவிட்டேன். ஒரு வாய் குடித்த தாத்தா, "யாருக்குப்பா காய்ச்சல்?" என்றார். அவ்வளவு கசாயம்!

இரண்டாவது ரவுண்டு ஹிட். ஃபார்முலா இதுதான்: ஒரு டம்ளர் தண்ணியில் ஒரு டம்ளர் சர்க்கரை போட்டுக் கொதிக்கவிட்டு இறக்குங்க. நல்லாக் கழுவின ரெண்டு ஆரஞ்சுத் தோலையும், நார்த்தங்காய்த் தோல் ஒரு துண்டையும் அதில் பத்து நிமிஷம் மூடிவைத்து வடிகட்டுங்க. ஆறியதும் பாகு ஒரு பங்கு, ஆரஞ்சுச் சாறு ரெண்டு பங்கு, கோலி சோடா மூணு பங்கு, ஒரு சிட்டிகை உப்பு. சோடா கடைசியில்தான்! சில்லென்று இருந்தால்தான் கேஸ் தங்கும் (ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரி!). டிசம்பர் குளிரில் ராத்திரி முற்றத்தில் வைத்தாலே போதும், ஃபிரிட்ஜே தேவையில்லை.

"இந்தக் கசப்பு நல்லாத்தான் இருக்கு. இன்னொரு கசப்பு இருக்கு, வா தம்பி" என்று தாத்தா தோட்டத்துக்குக் கூட்டிப்போனார்.

"காபிக்கு நடுவுல பூராம் ஆரஞ்சுதான் நின்னுச்சு. இப்ப நாலு மரம்." இலைகளில் திட்டுத் திட்டாக மஞ்சள். கோணலான சின்னப் பழம், அடிப்பக்கம் மட்டும் பழுக்காமல் பச்சை. சுளையே கசந்தது. 'சிட்ரஸ் கிரீனிங்' நோய்! சில்லிட் என்ற குட்டிப் பூச்சி பரப்பும் பாக்டீரியா. வந்த மரத்தைக் குணமாக்க மருந்தில்லை. 2005-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் நுழைந்து, அங்கேயும் ஆரஞ்சுத் தோட்டங்களைக் காலி பண்ணியது இதே நோய்தான். பூச்சியை அடக்கணும், நோய் வந்த மரத்தை வெட்டணும், நோயில்லாத கன்றா பார்த்து நடணும். அதுதான் வழி.

தாத்தா பத்துக் கன்று வாங்கி வைத்திருந்தார். "காய்க்க நாலஞ்சு வருஷம் ஆகும்" என்றார். அவருக்கு வயசு எழுபத்தெட்டு.

மறுநாள் ஏரிக்குப் போகவில்லை. நானும் ரூம்மேட்டும் குழி வெட்டினோம். கை கொப்புளத்தைப் பார்த்துச் சிரித்தபடி தாத்தா சொன்னார்... "வேலை கிடைச்சதும் வா தம்பி. அடுத்த தடவை நம்ம மரத்துப் பழத்துல போடு!"

அரியர் இல்லாமல் முடித்தாகணும் மக்களே... கன்று வளருது!