மூச்சைக் குறை சொல்வதற்கு முன்

என் வயதுக்காரர்களில் நிறையப் பேருக்கு மவுத் ஆர்கன் ஆசை உண்டு. 1958-இல் வந்த 'சோல்வா சால்' இந்திப் படத்தில் தேவ் ஆனந்த் ரயிலில் பாடும் பாட்டுக்கு மவுத் ஆர்கன் வாசித்தவர் ஆர்.டி. பர்மன். 1975-இல் 'ஷோலே'யில் அமிதாப் பச்சன் இரவில் தனியாக உட்கார்ந்து வாசிப்பார். பின்னணியில் வாசித்தவர் பானு குப்தா. ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டு வேலைக்குப் போனோம். ரிட்டயர் ஆனதும் ஒன்று வாங்குகிறோம். ஆறே மாதத்தில் அது பீரோவுக்குள் போய்விடுகிறது. கேட்டால், "மூச்சு பத்தலை சார், வயசாயிடுச்சு" என்கிறார்கள்.

மூச்சைக் குறை சொல்வதற்கு முன் கருவியைப் பாருங்கள் என்பதுதான் என் கட்சி.

நான் சொல்வது க்ரோமேட்டிக் வகை. பன்னிரண்டு துளை, மூன்று ஸ்தாயி, பக்கத்தில் ஒரு பொத்தான். பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு தகடு நகர்ந்து, ஸ்வரம் அரை ஸ்தானம் ஏறும். ஒரு துளைக்கு நான்கு ரீடு, மொத்தம் நாற்பத்தெட்டு. ஊதும்போது ஒரு ரீடு பேசும். பக்கத்து ரீடு வழியாகக் காற்று ஓடிவிடாமல் மெல்லிய பிளாஸ்டிக் வால்வு மூடிக்கொள்ளும். இந்த வால்வு வளைந்தாலோ, தகடு சரியாகப் படியாவிட்டாலோ, நடுக்கட்டையில் இடைவெளி விட்டாலோ, ஊதுகிற காற்றில் ஒரு பங்கு சத்தமாகாமலே வெளியே போய்விடும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் எடுத்துவிட்டுக் கிணற்றைத் திட்டுவது போலத்தான் இது.

எங்கள் வாக்கிங் கூட்டத்தில் ஒரு நண்பர் நுரையீரல் டாக்டரைப் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அவர் கருவியில் நாலாவது துளையை மெதுவாக, ஒரே சீராக ஊதச் சொல்லி வாட்சைப் பார்த்தேன். ஏழு விநாடி. அதே துளையை என் கருவியில் ஊதச் சொன்னேன். பதினைந்து விநாடி. மனிதர் அவரே, நுரையீரலும் அதே. அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். சில கடைகளில் வாயில் வைக்க விடாமல் துருத்தி வைத்து ஊதிக் காட்டுவார்கள். சுகாதாரத்துக்கு நல்லதுதான். ஆனால் துருத்திக்கு மூச்சு வாங்காது. வேகமாக அழுத்தினால் ஓட்டைக் கருவியும் பாடும். மிக மெதுவாக அழுத்தச் சொல்லுங்கள். நாற்பத்தெட்டு ரீடும் மெல்லிய காற்றுக்கே பேச வேண்டும். முதல் துளையும் கடைசித் துளையும் பெரும்பாலும் சண்டித்தனம் செய்யும். அவற்றைக் கூடுதலாகப் பாருங்கள்.

அடுத்தது நடுக்கட்டை. ஜெர்மனியின் ஹோனர் கம்பெனி 270 மாடலில் பேரி மரம் போடுகிறார்கள். நல்ல நாதம், சந்தேகமில்லை. ஆனால் நம் பள்ளிக்கரணையில் ஒரு பக்கம் சதுப்பு நிலம், கொஞ்சம் தள்ளிக் கடல். ஐப்பசி, கார்த்திகையில் ஜன்னல் கதவே உப்பிக்கொண்டு சாத்த வராது. மரக்கட்டை மட்டும் சும்மா இருக்குமா? இந்த ஊருக்குப் பிளாஸ்டிக் கட்டை தொல்லையில்லாதது. எந்தக் கட்டையானாலும் ஆணி அடித்ததை விட ஸ்க்ரூ போட்டது மேல்; கழற்றித் துடைத்து மாட்டலாம்.

பொத்தானைச் சோதிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. சரளி வரிசை பாடியவர்களுக்கு மாயாமாளவகௌளை தெரியும். சி ஸ்கேல் கருவியில் முதல் துளையை ஊதினால் ஸ. பொத்தானோடு ஊதினால் ரி. இரண்டாவதை ஊதினால் க, உறிஞ்சினால் ம. மூன்றாவதை ஊதினால் ப, பொத்தானோடு த. நாலாவதை உறிஞ்சினால் நி, ஊதினால் மேல் ஸ. ஸ-ரியும் ப-தவும் பொத்தானால் மட்டுமே பிரிகின்றன. மூன்றாம் காலத்தில் வாசித்துப் பாருங்கள். பொத்தான் திரும்பி வரச் சோம்பினால் அடுத்த ஸ்வரமும் பிசகிவிடும். சங்கராபரணத்தையும் மோகனத்தையும் பொத்தானைத் தொடாமலே வாசிக்கலாம். அவற்றை வைத்துக் கருவியை எடை போடாதீர்கள்.

ஒன்றைக் குறையாக எண்ண வேண்டாம். ஏசி அறையிலிருந்து எடுத்த உடனே ஊதினால் வால்வு ஈரத்தில் ஒட்டி 'டப்' என்று சத்தம் வரும். பத்து நிமிஷம் உள்ளங்கையில் பொத்தி வைத்தால் சரியாகிவிடும். காபி குடித்த வாயோடு ஊதவும் வேண்டாம். சர்க்கரை பட்டால் பொத்தான் ஒட்டிக்கொள்ளும்.

மாடிப்படி ஏறும்போதும் மூச்சு வாங்குகிறதென்றால் முதலில் டாக்டரிடம் போங்கள், அதில் விளையாட்டு வேண்டாம். மவுத் ஆர்கன் வாசிக்கும்போது மட்டும்தான் என்றால், வேறொருவர் கருவியை ஒரு நாள் கடன் வாங்கிப் பாருங்கள். மறக்காமல் முதலில் நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள்.