குணமதியாரும் நானும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு எழுந்திருக்கிற ஆபீஸ்காரன் மதுரையில் ரெண்டே வகை. ஒன்று, கறிக்கடைக்குப் போகிறவன். இன்னொன்று, என்னை மாதிரி கேமராவைத் தூக்கிக்கொண்டு கீழக்குயில்குடிக்குப் போகிறவன். என் சம்சாரத்துக்கு முதல் வகையைத்தான் பிடிக்கும்.

தேனி ரோட்டில் நாகமலை புதுக்கோட்டை பக்கம் பிரிந்து போனால் சமணமலை. காலேஜ் நாளிலிருந்து நடந்து பழகிய பாதை. அடிவாரத்தில் அய்யனார் கோயில், ஆலமரம், தாமரைக்குளம். குளத்து மீன்கொத்திக்கும் எனக்கும் பல வருஷப் பகை. ஃபோகஸ் பண்ணும்வரை உட்கார்ந்திருக்கும். க்ளிக் பண்ணும்போது இருக்காது. வெறும் குச்சி படம் மட்டும் என்னிடம் ஒரு நாற்பது தேறும்.

மலையின் ஒரு பக்கம் செட்டிப்புடவு. குகை வாசலில் பெரிய மகாவீரர் அமர்ந்திருக்கிறார். நீண்ட காதைப் பார்த்து ஊர்க்காரர்கள் அவரைச் செட்டியாராக்கிவிட்டார்கள்! உள்ளே சிங்கத்தின் மேல் ஒரு பெண், யானை மேல் வருகிறவனோடு சண்டை போடுகிறாள். அண்ணாந்து எடுத்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். பரவாயில்லை, எடுங்கள்.

படியேறினால் பேச்சிப்பள்ளம். பாறையில் வரிசையாக எட்டுச் சிற்பங்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழசு. கீழே வட்டெழுத்தில், யார் செய்துவைத்தது என்ற விவரம். அச்சணந்தி என்ற முனிவரின் தாயார் குணமதியார் செய்வித்த சிலையும் அதில் ஒன்று. மகன் துறவியாகிப் போனாலும் அம்மா பேர் கல்லில் நிற்கிறது, பாருங்கள்.

இந்த எழுத்து உச்சி வெயிலில் படத்தில் விழாது. வெளிச்சம் பக்கவாட்டில் சாய வேண்டும். முன்பெல்லாம் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு எடுப்போம். அது தப்பு, கல் கெட்டுப்போகும். இப்போது டார்ச்தான். போன வாரம் டார்ச் பிடிக்க ஆபீஸ் தம்பி ஒருத்தன் வந்தான். புதுசு, உற்சாகம் ஜாஸ்தி.

"இன்னும் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிடா."

சாய்த்தான். சிலைகளைத் தாண்டி ஓரத்துப் பாறையில் வெளிச்சம் படர்ந்தது.

"அண்ணே, இங்க பாருங்க... உங்க பேரு! 1989-னு போட்டிருக்கு. பக்கத்துல ஒரு ஹார்ட் வேற!"

"நம்ம ஊர்ல இந்தப் பேர்ல ஆயிரம் பேர் இருப்பான்டா."

"அது சரிண்ணே. ஆனா 'மு'வுக்கு இப்படி வாலைச் சுழிச்சு விடுறது நம்ம அட்டென்டன்ஸ் ரிஜிஸ்டர்ல நீங்க மட்டும்தான்."

அப்போது காம்பஸ் முனையால் அரை மணி நேரம் கீறினேன். காவலுக்கு நின்ற மூணு பேரும் கை தட்டினார்கள். குணமதியார் பேருக்குப் பத்தடி தள்ளி என் பேர் என்பது அன்றைக்குத் தெரியாது. வட்டெழுத்தை ஏதோ பாறை வெடிப்பு என்றுதான் நினைத்திருந்தோம்.

"இதை எடுக்கலையாண்ணே?"

எடுத்தேன். கை ஆடாமல், நல்ல ஃபோகஸில், ஒவ்வொரு கீறலும் தெரிகிற மாதிரி விழுந்திருக்கிறது. மீன்கொத்திதான் இன்னும் கிடைக்கவில்லை.

"தம்பி, டார்ச்சை அணை"ன்னேன். "வா, கீழ போய்ப் பருத்திப்பால் வாங்கித் தர்றேன். ஆபீஸ்ல சொல்லாதே."

"ரெண்டு கிளாஸ்ண்ணே" என்றான்.