சாய்ந்த எழுத்து

கோவில்பட்டி பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு பெட்டிக்கடையில் தீப்பெட்டி வாங்கினேன். மேலே ஒட்டியிருந்த சீட்டில் பெயர் வலப்பக்கம் சாய்ந்து, ஓடுகிற ஆளைப் போல் இருந்தது. முனைகளில் குறுங்கோடு இல்லாத, ஒரே கனமான எழுத்து. அச்சுத் தொழிலில் ‘சான்ஸ் செரிஃப்’ என்கிறார்களே, அந்த ஜாதி. உரசினால் பற்றிக்கொள்ளும் சரக்குக்கு அந்த அவசரம் பொருத்தம்தான்.

அன்று என் பையிலிருந்த புரூஃபிலும் அதே மாதிரி எழுத்து. என் நாவலில் ஒரு தாய் மகனுக்குக் கடிதங்கள் எழுதுகிறாள். உண்மையில் அவை என் அம்மா கல்லூரி விடுதிக்கு எனக்கு எழுதியவை. கதையிலிருந்து பிரித்துக் காட்டுவதற்காக அவற்றைச் சாய்வெழுத்தில் போட்டிருந்தார்கள். பார்வைக்கு நவீனமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு பக்கம் படிப்பதற்குள் எனக்கே அலுத்துவிட்டது. நிதானமாகப் பேசுகிற அம்மா, மூச்சு வாங்க ஓடிவந்து பேசுவது போல் ஒரு பிரமை.

எங்கே கோளாறு என்று தெரியாமல், ஈய எழுத்துக் காலத்தில் அச்சுக் கோத்த அண்ணாச்சி ஒருவரிடம் புரூஃபைக் கொண்டுபோனேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“தம்பி, காத்தடிச்சுச் சோளத்தட்டை சாயுதே, அது ஒரு சாய்வு. அவரைக்கொடி பந்தல்ல சாயுதே, அது வேற சாய்வு. இது சோளத்தட்டை!” என்றார்.

விஷயம் அதுதான். 1501-ல் வெனிஸ் நகரத்து ஆல்டஸ் மனூஷியஸ், வெர்ஜிலின் கவிதைகளைச் சிறு புத்தகமாகச் சாய்வெழுத்தில் அச்சிட்டார். அந்த எழுத்தைச் செதுக்கியவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. கையெழுத்தைப் பார்த்துப் பிறந்த எழுத்து அது. கொடியைப் போலச் சாய்ந்தே வளர்ந்தது. குறுங்கோடில்லாத எழுத்து வந்தபோது இரண்டு வழியும் உண்டாயின. 1928-ல் வெளிவந்த கில் சான்ஸின் சாய்வில் ‘ஏ’, ‘பி’ முதலிய எழுத்துக்கள் உருவமே மாறின. அதற்கு ஒரு வருஷம் முந்திய ஃபியூச்சுராவிலோ, நிமிர்ந்த எழுத்தையே சாய்த்ததோடு சரி.

என் புரூஃபில் அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்திருந்தது. ‘ப’வின் இரு சுவர்களும் ஒருக்களித்து நின்றன. ‘ற’வின் வளைவு நசுங்கியிருந்தது. ‘கி’, ‘தீ’ இவற்றின் மேல்விலங்கு அடுத்த எழுத்தின் தலைமேல் போய் விழுந்தது.

“எங்க கேஸிலே தமிழுக்குச் சாய்வெழுத்தே கிடையாது. ஈயக் கட்டைக்கு வெளியே தலை நீட்டினா ஒடிஞ்சுபோகும். அழுத்திச் சொல்லணும்னா தடிச்ச எழுத்து, அவ்வளவுதான்” என்றார் அண்ணாச்சி.

சாய்வெழுத்தே பிரயோஜனமில்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு புத்தகத்தின் பெயர், படத்துக்கு அடியில் ஒரு வரி, தீப்பெட்டிச் சீட்டு, இவற்றுக்கு அது அழகுதான். பக்கம் பக்கமாக ஒரு மனுஷியின் குரலைத் தாங்க அதனால் முடியவில்லை. ‘கடிதங்களை நிமிர்த்தியே போடுங்கள்; இடப்பக்கம் கொஞ்சம் இடம் விட்டால் போதும்’ என்று எழுதி அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியிலிருந்து அம்மாவின் இன்லண்டு லெட்டர் ஒன்றை எடுத்துப் பிரித்தேன். இத்தனை வருஷமாக நான் கவனித்ததே இல்லை. அவள் எழுத்து இடப்பக்கம் சாய்ந்திருந்தது.