நாள் குறித்த நடை



திங்களிதழில் எழுதும் அளவுக்கு நான் கற்றவன் அல்லேன். பத்தாம் வகுப்புத் தேறிப் புகைவண்டி அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்தவன். ஆயினும் சென்ற கூட்டத்தில் அன்பர் சிலர், "நீர் எவ்வாறு இளைத்தீர்? விடாமல் நடக்கும் மனம் உமக்கு எங்கிருந்து வந்தது?" என்று வினவினர். நின்ற நிலையில் விடை கூற இயலவில்லை. ஆதலால் நடந்ததை நடந்தவாறே இங்கு எழுதுகின்றேன்.

என் தந்தையார் விளவங்கோட்டு வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கு அப்பாலிருந்து பிழைப்பை நாடிப் பெருங்கடவிளைக்கு வந்த குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. தந்தையார் ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழில் செய்தார். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மேடேறுவார். முந்நூறு மரங்களுக்கு மேல் வெட்டி முடித்து, மீண்டும் அத்தனை மரங்களுக்கும் சென்று பாலைச் சேர்த்து எடுப்பார். உடற்பயிற்சி என்னும் சொல்லே அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

அத்தகையவர், தொழிலை விட்டு வீட்டில் அமர்ந்த சில ஆண்டுகளில் சர்க்கரை நோய்க்கு ஆளானார். காலில் சிறியதொரு புண் வந்தது. உணர்ச்சி குன்றிய கால் ஆதலின் வலிக்கவில்லை. வலிக்காததால் அவரும் கவனிக்கவில்லை. இறுதியில் இரண்டு விரல்களை எடுக்க நேர்ந்தது. 2019இல் அவர் மறைந்தார்.

2022இல், எனது முப்பத்து நான்காம் வயதில், எனக்கும் அதே நோய் இருப்பதாக வைத்தியர் கூறினார். நாள்தோறும் நடக்கச் சொன்னார். வாரத்திற்கு 150 நிமிடமேனும் உடலுக்கு மிதமான உழைப்புத் தர வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் வகுத்திருப்பதையும் எடுத்துரைத்தார். நாளொன்றுக்கு அரை மணி நேரம்கூட முழுதாக ஆகாத கணக்கு அது. கணக்குப் பார்ப்பதே தொழிலாகக் கொண்ட நான் அக்கணக்கை மட்டும் தவறவிட்டேன். புதுச் சப்பாத்து வாங்கினேன். பத்து நாள் நடந்தேன். மழை வந்தது, நின்றேன். மீண்டும் தொடங்கினேன், இரவுப் பணி வந்தது, நின்றேன். இவ்வாறு ஓராண்டிற்கு மேல் கழிந்தது.

நலம் வேண்டாதவர் யார்? ஆனால் நலம் என்பது நாள் குறிக்கப்படாத விருப்பம். இன்று இல்லாவிட்டால் நாளை என்று அது நகர்ந்துகொண்டே போகும். எங்கள் அலுவலகத்திலும் அப்படித்தான். இன்ன தேதிக்குள் அனுப்ப வேண்டும் என்ற கணக்கு அன்றே போய்ச் சேரும். தேதியில்லாத கோப்போ அலமாரியில் உறங்கும்.

என் நடைக்குத் தேதி குறித்தவள் என் மகள். அப்போது அவளுக்கு ஏழு வயது. சுவரில் தொங்கிய பழைய பனையோலை விசிறியைக் காட்டி, "அப்பா, இது யாருடையது?" என்று கேட்டாள். "உன் தாத்தாவுடையது, சிவாலய ஓட்டத்தில் கையில் கொண்டு ஓடுவார்" என்றேன்.

அயலூர்களில் வாழும் நம்மவர் பிள்ளைகளுக்காகச் சிறிது விளக்குகின்றேன். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் பன்னிரண்டு சிவன் கோயில்கள் உள்ளன. மகா சிவராத்திரிக்கு முந்தைய நாள் மாலையில் முஞ்சிறையை அடுத்த திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு என்று வணங்கிச் சென்று, சிவராத்திரி இரவில் திருநட்டாலத்தில் முடிப்பர். ஏறக்குறைய 110 கிலோமீட்டர் வழி. மாரதான் ஓட்டத்தின் தொலைவாகிய 42.195 கிலோமீட்டரைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல்.

புருஷாமிருகம் என்னும் சிவபக்த விலங்கிடமிருந்து வீமன் தப்பி ஓடிய கதையோடு இவ்வழக்கத்தைச் சேர்த்துச் சொல்வர். சிக்கும்போதெல்லாம் வீமன் ஓர் உருத்திராக்கத்தைத் தரையில் இடுவான், அது இலிங்கமாகும், புருஷாமிருகம் நின்று வழிபடும், அவன் மேலும் ஓடுவான். சிவன் கோயில்களுக்குச் செல்வோர் "கோவிந்தா, கோபாலா" என்று முழங்கிச் செல்வதும் இக்கதை பற்றியே. இன்று வண்டிகளில் சுற்றி வருவோரும் பலர். காவியுடுத்து, விசிறியேந்திக் காலால் கடப்போரும் குறைவின்றி உள்ளனர்.

கதையைக் கேட்ட மகள், "நீங்களும் ஓடுவீர்களா?" என்றாள். "அடுத்த சிவராத்திரிக்கு ஓடுவேன்" என்று எண்ணிப் பாராமல் சொல்லிவிட்டேன். அவள் நாட்காட்டியில் 2024 மார்ச் 8ஆம் நாளைத் தேடிப்பிடித்து அதைச் சுற்றி வட்டமிட்டாள். நான்கு மாதமே இருந்தது. மறுநாள் விடியலில் நான் எழுந்தேன். வைத்தியர் சொல்லாலும் மனைவி வேண்டுதலாலும் எழாத கால்கள் அந்த வட்டத்தைக் கண்டு எழுந்தன.

நாட்டமிருந்தால் போதும் என்று எண்ணியதுதான் என் பிழை. நெய்யாற்றங்கரையோரமாக அருவிப்புறம் வரை சப்பாத்து அணிந்து விரைவாக நடந்து பழகினேன். மிக நீண்ட நடையும் மூன்று மணி நேரத்தைத் தாண்டவில்லை. ஆனால் ஓட்டத்தன்றோ, தந்தையார் வெறுங்காலோடு சென்றார் என்னும் பெருமிதத்தால் சப்பாத்தை வீட்டிலேயே விட்டுச் சென்றேன். வைத்தியரிடமும் ஒரு சொல் கேட்கவில்லை. திற்பரப்பை அடைவதற்குள் உள்ளங்கால் கொப்புளித்தது. பொன்மனையில், ஐந்தாம் கோயில் வாயிலில், அமர்ந்துவிட்டேன். முன்பின் அறியாத ஒருவர் சுக்குநீர் கொடுத்து என்னைப் பேருந்தில் ஏற்றிவிட்டார்.

கொப்புளம் புண்ணாயிற்று. அது ஆற ஐந்து வாரம் சென்றது. அந்நாள்களில் என் மனைவி ஒன்றும் பேசவில்லை. ஓர் இரவு மருந்து வைத்துக் கட்டும்போது மட்டும், "மாமாவுக்கும் இப்படித்தான் நான் கட்டினேன்" என்றாள். என் தந்தையாரைத்தான் சொன்னாள். அதற்கு மறுமொழி என்னிடம் இல்லை. நோயை வெல்லப் புறப்பட்டவன், வீம்பினால் அந்நோய்க்கே காலை நீட்டிக் கொடுத்திருக்கின்றேன் என்பது அப்போதுதான் விளங்கிற்று. அறைகூவல் உடலுக்காக, உடல் அறைகூவலுக்காக அன்று.

புண் ஆறிய பின்னும் இரண்டு மாதம் நான் நடக்கவில்லை. மீண்டும் எழுப்பியவர் பக்கத்து வீட்டு மாமா. அறுபதைக் கடந்தவர்; பலமுறை ஓட்டத்தை நிறைவு செய்தவர். இடவப்பாதி மழை தொடங்கிய ஒரு காலையில், ஐந்து மணிக்குக் குடையோடு என் வாயிலில் நின்றார். "மக்களே, நீ வராவிட்டால் நானும் போகமாட்டேன்" என்றார். முதியவர் ஒருவர் மழையில் காத்திருக்கப் படுக்கையில் கிடப்பது எங்ஙனம்? நடந்தேன்.

இம்முறை முதலில் வைத்தியரிடம் சென்றேன். சர்க்கரை உள்ளவன் வெறுங்காலோடு நெடுவழி நடத்தல் கூடாது. பட்டினி கிடந்து நடத்தலும் கூடாது. மருந்தின் அளவைத் தாமே திருத்தித் தருவதாகவும், மயக்கம் தோன்றினால் உடனே வாயிலிடச் சர்க்கரைக் கட்டியைச் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும் என்றும் கூறினார். இவற்றுக்கு உடன்பட்டால் செல்லலாம் என்றார். உடன்பட்டேன்.

அலுவலக வழக்கப்படி ஒரு பதிவேடு திறந்தேன். நாள், நடந்த நிமிடம், கால் நிலை என்று மூன்று பத்திகள். வேலை நாள்களில் முக்கால் மணி நேரம். ஓய்வு நாளில் நெடுநடை: முதலில் ஒன்றரை மணி; மூன்று வாரம் சிறிது சிறிதாகக் கூட்டி, நான்காம் வாரம் குறைத்து உடலை ஆறவிடுதல். டிசம்பரில் ஆறு மணி நேரம் நடந்தேன். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை இரவு முழுவதும் மாமாவோடு நடந்து, உறக்கத்தையும் குளிரையும் பழகிக்கொண்டேன். எந்தச் சப்பாத்தும் காலுறையும் அணிந்து ஓடப்போகின்றேனோ அவற்றையே அணிந்து பழகினேன்.

மூன்றாம் பத்தியை என் மகள் நிரப்பினாள். ஒவ்வோர் இரவும் கைவிளக்கைப் பிடித்து என் உள்ளங்கால்களையும் விரலிடுக்குகளையும் பார்ப்பாள். "இன்று ஒன்றுமில்லை" என்று சொல்லிக் குறியிடுவாள். சிவந்திருந்தால் மறுநாள் ஓய்வு. அதில் அவள் வைத்ததே சட்டம்.

2025 பிப்ரவரி 25ஆம் நாள், பாறசாலையில் வண்டி ஏறிக் குழித்துறையில் இறங்கி, மாலையில் இருவரும் திருமலையை அடைந்தோம். தந்தையாரின் விசிறி என் கையில் இருந்தது. வழியில் ஒருவர் என் கால்களைப் பார்த்து, "சப்பாத்தோடு ஓட்டமா?" என்று நகைத்தார். ஓராண்டு முன்பாயின் கழற்றி எறிந்திருப்பேன். இம்முறை மாமா என் தோளில் கை வைத்து, "மக்களே, பன்னிரண்டை நினையாதே, அடுத்ததை நினை" என்று மட்டும் கூறினார். நம் பாசஞ்சர் வண்டியும் அவ்வாறன்றோ செல்கின்றது? அடுத்த நிலையம் ஒன்றே அதற்கு வேலை.

நாங்கள் நடந்ததே மிகுதி. இறக்கங்களில் மட்டும் சிறிது ஓடினோம். ஒவ்வொரு கோயில் வாயிலிலும் சப்பாத்தைக் கழற்றும்போது கைவிளக்கால் காலைப் பார்த்துக்கொண்டேன். ஊர்தோறும் மோரும் கஞ்சியும் தந்தனர். பொன்மனையில் நான் சென்ற ஆண்டு அமர்ந்த இடத்தில் வேறோர் இளைஞன் அமர்ந்திருந்தான். அவனுக்குச் சிறிது தண்ணீர் கொடுத்துச் சென்றேன். மேலாங்கோட்டிற்குப் பின் கால்கள் என்னுடையவையாகத் தோன்றவில்லை. திருநட்டாலத்தை அடைந்தபோது இரவு ஒன்பது மணி கடந்திருந்தது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன்; பசிதான் வந்தது. வீட்டிற்குத் தொலைபேசியில் அழைத்தேன். மகள் கேட்ட முதற் கேள்வி, "கால் எப்படி இருக்கிறது?" என்பதே.

இங்கே முடித்தால் கதை அழகாக இருக்கும். ஆனால் உண்மை முழுதாகாது. ஓட்டம் முடிந்த பின் இரண்டு வாரம் பதிவேடு வெறுமையாகக் கிடந்தது. எய்துதற்கு ஒன்றும் இல்லை என்றவுடன் கால்கள் பழைய படுக்கையை நாடின. நாள் குறித்த இலக்கிற்கு உள்ள குறை இதுவே: அந்நாள் கழிந்தால் அதன் ஆற்றலும் கழிந்துவிடும். ஆதலால் இப்போது ஒரு நாள் முடியுமுன்னரே அடுத்த நாளைக் குறித்துவிடுகின்றேன். மூன்று மாதச் சர்க்கரை அளவு 8.1இலிருந்து 6.7க்கு இறங்கியுள்ளது. மருந்தை நிறுத்தவில்லை, நிறுத்தலாகாது என்பது வைத்தியர் கட்டளை.

அன்பர்களே, எல்லோரும் சிவாலயம் ஓடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒருவருக்கு அது மருந்துவாழ்மலை ஏற்றமாக இருக்கலாம். உடலுறுதி மிக்கவர்க்கு, வனத்துறை அனுமதி பெற்று ஏறும் 1,868 மீட்டர் உயர அகத்தியர்கூடமாக இருக்கலாம். வேறொருவருக்கு ஊர்க் கோயிலை நிற்காமல் நூறு சுற்றுச் சுற்றுவதாகவும் இருக்கலாம். எதுவாயினும் அதற்கு ஒரு தேதி இருக்கட்டும். வாயிலில் காத்து நிற்க ஒருவர் இருக்கட்டும். உடலின் நிலையை வைத்தியர் முன்னரே பார்த்திருக்கட்டும்.

இதை எழுதி முடிக்கும் வேளையில் என் மகள் கைவிளக்கோடு வந்து நிற்கின்றாள். பதிவேட்டின் மூன்றாம் பத்தி இன்னும் நிரப்பப்படவில்லையாம். ஆதலால் இத்துடன் நிறுத்திக்கொள்கின்றேன்.