விருந்து மண்டபத்தில் விழுந்த நிழல்

முடிவை முதலிலேயே கூறிவிட்டுக் கதையைத் தொடங்கும் துணிவு எல்லா ஆசிரியர்க்கும் வாய்ப்பதன்று. சேக்ஸ்பியருக்கு அது வாய்த்தது. 1597ஆம் ஆண்டில் முதன்முதலாக அச்சேறிய ‘ரோமியோவும் ஜூலியற்றும்’ என்னும் நாடகத்தின் வாயிலிலேயே, வெரோனா நகரத்துப் பகைக் குடும்பங்கள் இரண்டிற் பிறந்த காதலர் மாண்டொழிவர் என்பதும், அவர்தம் சாவினாலன்றிப் பெற்றோரின் பகை தீராது என்பதும் அவையோர்க்கு அறிவிக்கப்படுகின்றன. ஆதலின், என்ன நிகழும் என்ற கேள்வி நமக்கில்லை. எவ்வழியாக நிகழும் என்பதே கேள்வி.

அவ்வழியின் முதற் சுவடு முதலாம் அங்கத்தின் ஐந்தாங் களத்தில், கப்பியூலற் பிரபுவின் மாளிகையில் நடைபெறும் விருந்திலே பதிகின்றது. மாணவனாக இக்காட்சியைப் படித்த நாளில் என் கண்கள் காதலர் இருவரையுமே தொடர்ந்தன. இன்று, வளர்ந்த பிள்ளைகளின் தந்தையாக அதே பக்கங்களைப் புரட்டும்போது, மண்டபத்தில் விருந்தினரை வரவேற்று நிற்கும் முதியவர்மீதே என் பார்வை செல்கின்றது.

ரோமியோ அங்கு வருவது வேறொரு பெண்ணைக் காண்பதற்காக. முகமூடி அணிந்து வருகின்றான். உள்ளே நுழையுமுன்பே, இவ்விரவின் களியாட்டத்தில் தொடங்கும் ஏதோவொன்று தன்னை அகால மரணத்தில் கொண்டுபோய் விடுமென அவன் மனம் அஞ்சுகின்றது. எனினும் நுழைகின்றான்; ஜூலியற்றைக் காண்கின்றான்; தன்னை மறந்து அவளழகை வாய்விட்டு வியக்கின்றான்.

இங்கேதான் ஆசிரியரின் கைத்திறன் விளங்குகின்றது. ரோமியோவின் முகத்தை முகமூடி மறைக்கின்றது. குரலை மறைக்க அதனால் இயலவில்லை. ஜூலியற்றைப் புகழ்ந்த அந்தக் குரலைக் கேட்டே அவளுடைய மைத்துனன் திபால்ற் அவனை அடையாளங் கண்டு, வாளைக் கொண்டுவரப் பணிக்கின்றான். காதலை வெளியிட்ட அதே மூச்சு, காதலைக் கொல்லப்போகும் பகையையும் எழுப்பிவிட்டது. சேக்ஸ்பியர் தம் கதைக்கு முதலாகக் கொண்டது ஆதர் புரூக் 1562இல் வெளியிட்ட நீண்ட பாட்டு. அதில் வரும் விருந்தில் திபால்ற் இல்லை. பின்னர் நிகழும் தெருச்சண்டையிலேதான் அவன் தோன்றுகின்றான். அவனை விருந்துக்கு அழைத்துவந்து, காதல் அரும்பிய கணத்திலேயே வாளையும் நினைவூட்டியவர் சேக்ஸ்பியரே.

அவ்வேளை திபால்ற்றைத் தடுப்பவர் முதிய கப்பியூலற். ரோமியோ நற்பண்புடைய இளைஞன் என்று வெரோனா நகரமே பெருமை பேசுகின்றது என அவர் தம் வாயாலேயே கூறுகின்றார். பகைவனின் மகன் நல்லவன் என்பதை அறிந்த தந்தை, அவன் தம் கூரையின் கீழ் நிற்பதையும் அறிந்திருக்கின்றார். ஆயினும் அவர் எண்ணம் தம் விருந்து குலையாதிருக்க வேண்டும் என்பதோடு நின்றுவிடுகின்றது. நாலடி நடந்து சென்று அவ்விளைஞனின் கையைப் பற்றியிருந்தால், இந்நாடகத்திற்கு ஐந்து அங்கங்கள் வேண்டியிருந்திரா.

இன்னுமொரு குறிப்பும் ஈண்டுண்டு. திபால்ற் அடங்க மறுத்ததும், சற்றுமுன் தம் இளமைக்கால முகமூடி ஆட்டங்களை நினைந்து மகிழ்ந்திருந்த முதியவர் சீறியெழுகின்றார். தம் சொல்லை மீறுவோரைப் பொறாத இச்சினம், மூன்றாம் அங்கத்தில் ஜூலியற்றின்மேலேயே பாய்கின்றது. பாரிஸ் என்னும் பிரபுவை மணக்க மறுத்தால் தெருவிற் கிடந்து சாகட்டும் என்கின்றார் பெற்ற தந்தை. அந்தச் சினத்தின் பொறியை விருந்திரவிலேயே கண்டவர்கள், பின்னர் அது தீயாகும்போது வியப்படையார்.

இவை எவற்றையும் அறியாமல் காதலர் முதன்முறையாக உரையாடுகின்றனர். உள்ளங்கையோடு உள்ளங்கை பொருந்த நின்று இருவரும் மாறிமாறிப் பேசும் பேச்சு, பதினான்கு அடிகளில் முழுமைபெற்ற ஒரு பாவாக அமைகின்றது. அடுத்த பாவைத் தொடங்கி நாலடி செல்வதற்குள் செவிலி வந்து, தாய் அழைப்பதாகக் கூறிப் பிரித்துவிடுகின்றாள். இவர்கள் வாழ்வும் இவ்வாறே பாதியில் அறுபடும் என்பதை யாரும் நமக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

பின்னர் ஜூலியற், அவன் யாரென்று விசாரித்து வரும்படி செவிலியை அனுப்புகின்றாள். அவன் மணமானவனாயின் கல்லறையே தனக்கு மணப்படுக்கையாகும் என்கின்றாள். பதினான்கு வயது நிரம்பாத சிறுமியின் மிகையான பேச்சாகவே அது அக்கணத்தில் ஒலிக்கின்றது. புரூக்கின் பாட்டில் பல மாதங்கள் நீளும் கதையைச் சேக்ஸ்பியர் ஒரு சில நாள்களுள் சுருக்கிவிட்டார். ஆதலின் அச்சொல்லின் ஒலி நம் செவியில் அடங்குமுன்னரே அது மெய்யாகின்றது. கப்பியூலற் குடும்பத்தின் கல்லறையில், ரோமியோவின் உடலருகே அவள் உயிர் துறக்கின்றாள்.

மாணவர்கள் இத்தகைய முற்குறிப்புகளைத் தேர்வுக்காகப் பட்டியலிடுவதுண்டு. அது பயனுள்ள பயிற்சியே. ஆயினும் ஒவ்வொன்றையும் எடுத்துக்கொண்டு, இதைத் தடுத்திருக்கக் கூடியவர் யாரென்று கேட்டுப் பார்த்தால் நாடகம் இன்னும் ஆழமாக விளங்கும். காதலரின் கேட்டுக்கு விண்மீன்களைக் குற்றங்கூறுவது எளிது. விருந்து மண்டபத்திலோ விண்மீன்கள் இல்லை. அங்கிருந்தவர்கள் ஒரு முரட்டு இளைஞனும், தம் மதிப்பையே பெரிதெனக் கொண்ட ஒரு தந்தையுமே.

நாடகத்தின் இறுதியில் கப்பியூலற் கையை நீட்டுகின்றார். ரோமியோவின் தந்தை மொன்ரகியூ அதைப் பற்றுகின்றார். ஒருவர் பிள்ளைக்கு மற்றவர் பொற்சிலை எழுப்புவதாகப் பேசிக்கொள்கின்றனர். பிள்ளைகளின் கைகள் முதற் சந்திப்பிலேயே சேர்ந்துவிட்டன. தந்தையரின் கைகள் சேருவதற்கு இரண்டு பிணங்கள் வேண்டியிருந்தன.